மல்லிகாவுக்கு நான் வைத்த விஷம்

அதிகம் படித்தவர்களுக்கென்று ஒரு தனிவகைப் பார்வைக் கோளாறு உண்டு. எதிரே நிற்பதைப் பார்ப்பதற்கு முன்னால், அது எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று தேடப் போய்விடுவார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையார்பாளையத்தில், விடிந்தும் விடியாத ஒரு வெள்ளிக்கிழமை, நடுத்தெருவில் பட்டு நூலில் சிக்கிக் கிடந்தபடி, "நான்தான் விஷம் வெச்சேன்!" என்று தெருவே கேட்க அழுத வேதியியல் விரிவுரையாளர் ஒருத்தியை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். (தலை வாரும்போது தினமும் கண்ணாடியில் சந்திக்கிறோம்.)

அப்போது எனக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை. விரிவுரையாளர் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் எங்கள் தெருவுக்கு நான் 'டீச்சரம்மா'தான். கணவர் குமரன் பட்டுப்புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போடுபவர். அடுத்த வீட்டில் அவருடைய அக்கா கஸ்தூரி, எனக்கு அண்ணி. கணவரை இழந்த பிறகு தனியாக இருந்தார். விடியலில் மாட்டைக் கறந்து பாலை சொசைட்டியில் ஊற்றிவிட்டு, பகலில் தறி வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போவார். தறியில் ஒரு பாவு (புடவையின் நீளவாக்கு இழைகள்) தீர்ந்து அடுத்தது ஏறும்போது, பழைய இழையின் முனையோடு புதிய இழையின் முனையை விரல்களால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், மயிரிழையினும் மெல்லியவை. அண்ணி அந்த வேலையைச் செய்யும்போது தன் விரல்களைப் பார்த்து நான் கண்டதில்லை. தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பார், கதாநாயகியைத் திட்டுவார், என்னிடம் குழம்புக்கு உப்புப் போட்டாயா என்று விசாரிப்பார். இழை ஒன்றுகூடத் தவறாது.

அண்ணியிடம் இருந்தது ஒரே மாடு. கறுப்பு ஜெர்சிக் கலப்பு, பெயர் மல்லிகா. அவள் கன்று ஈன்று ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. மூன்று முறை சினை ஊசி போட்டும் தங்கவில்லை. பிறகு பருவத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பால் சொம்பளவுக்குச் சுருங்கிவிட்டது. ஓரிக்கையிலிருந்து ஒரு மாட்டுத் தரகர் வந்து வந்து விசாரித்துவிட்டுப் போனார். சினை பிடிக்காத மாடு அவரிடம் போனால் எங்கே போகும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது அண்ணிக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் ஒவ்வொரு முறையும், "அடுத்த மாசம் பாக்கலாம்பா" என்று அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைந்தேன்.

கால்நடை மருத்துவர் (எங்கள் பகுதிக்கு ஸ்கூட்டரில் வரும் இளம்பெண், 'டாக்டரம்மா') மல்லிகாவைப் பரிசோதித்து, நோய் ஒன்றும் இல்லை, தீனியில் தாது உப்புக் கலவை சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். டாக்டரம்மா ஒரே வாக்கியத்தில் முடித்ததை நான் மூன்று நூல்களை வாசித்துவிட்டு வந்து அண்ணிக்கு முக்கால் மணி நேரம் விளக்கினேன். தாமிரம் கருப்பைக்கு என்ன செய்கிறது, துத்தநாகம் எதற்கு, மாங்கனீசு குறைந்தால் ஏன் பருவம் வெளியே தெரியாமல் போகிறது, அயோடின், கோபால்ட், செலீனியம் ஒவ்வொன்றின் பங்கு என்ன என்று. அண்ணி சாணியை அள்ளியபடியே கேட்டார்.

"இன்னாமா இது, தாமிரம், துத்தநாகம்னு லிஸ்டு போடற? மாட்டுக்கா, வெல்டிங் பட்டறைக்கா?"

"எல்லாம் துளித் துளிதான் அண்ணி வேணும். ஆனா அந்தத் துளி இல்லைன்னா உடம்பு கருவைத் தாங்காது."

"துளிக்கே இவ்ளோ நேரம் பேசறியே, நல்லவேளை படி கணக்குல வேணாம்."

நான் விடவில்லை. மல்லிகாவின் கண்களைச் சுற்றிக் கறுப்பு ரோமம் வெளுத்துச் செம்பட்டை நிறம் காட்டியதைச் சுட்டி, இது தாமிரக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம் என்று, ஏதோ புதிய கோளைக் கண்டுபிடித்தவள் போல அறிவித்தேன்.

அண்ணி நிமிர்ந்தார். "அத்த நான் போன தையிலேயே பாத்துட்டேன். சாயப் பட்டறையில கறுப்பு சரியா ஏறலைன்னா இப்படித்தான் செம்மண்ணு அடிக்கும். எதனால வெளுக்குதுன்னுதான் தெரியாம இருந்தேன். இப்ப நீ சொல்லிட்ட. சரி, குடு அந்த டப்பாவ."

அவ்வளவுதான். அன்றிலிருந்து டாக்டரம்மா சொன்ன அளவில், ஒரு நாள் தவறாமல், தவிட்டோடும் புண்ணாக்கோடும் அந்தச் சாம்பல் நிறப் பொடி மல்லிகாவுக்குப் போனது. என் பங்குக்கு நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். 'பருவத்தின் பத்து அறிகுறிகள்.' முக்கியமானவற்றுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. மழையில் நனையாதபடி லேமினேட் செய்து கொட்டகைத் தூணில் ஆணி அடித்து மாட்டினேன். மறுநாள் அண்ணி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சரம்மா, மல்லிகா படிச்சிக்கினு இருக்குறா. நாலாவது வரிக்கு வந்துட்டா."

இரண்டு மாதங்கள் போயின. பருவம் வரவில்லை. தரகர் இந்த முறை நாள் குறித்துவிட்டார், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அதே வெள்ளிக்கிழமை தாமலில் அண்ணியின் சித்தி மகளுக்குத் திருமணம். புதன்கிழமையே அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது எனக்குச் சிறிது வியப்பாக இருந்தது.

"ரெண்டு நாள் முன்னாடியே போகணுமா அண்ணி?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அதுக்குள்ள பருவத்துக்கு வந்தா டாக்டரம்மாவுக்கு போன் போடு. வரலைன்னா தரகர் கைல கயித்த குடுத்துடு. நான் இருந்தா குடுக்க மாட்டேன். அதான் போறேன்."

ஆகவே அந்த இரண்டு நாள்களுக்கு மல்லிகாவின் உயிர், வாழ்நாளில் ஒரு மாட்டைக்கூடக் கறந்தறியாத என் கையில் இருந்தது. (பால் கறந்தவர் என் கணவர். நான் மேற்பார்வை.)

வியாழக்கிழமை மதியம் கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். கொட்டகையிலிருந்து ஒரு பெருங்குரல். மல்லிகா நிலைகொள்ளாமல் கயிற்றின் எல்லைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். தீனித் தொட்டியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். நொடிக்கொரு முறை வாலைத் தூக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டாள். மீண்டும் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல்.

மாட்டைப் பார்த்தறியாத ஒரு குழந்தைகூட, "இதுக்கு ஏதோ வேணும்" என்று சொல்லியிருக்கும். நான் தாது உப்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் காலி! நான் போட்டிருந்த கணக்குப்படி முக்கால் பங்கு இருக்க வேண்டும். ஆக, அளவு இரட்டிப்பாகப் போயிருக்கிறது. தாமிரம் அளவோடு இருந்தால் மருந்து, மிஞ்சினால் நஞ்சு. இதை நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பதறிப்போய்ப் புத்தகத்தை எடுத்து நச்சியல் அத்தியாயத்தைப் புரட்டினேன். தீனி மறுத்தல், ஆம். அமைதியின்மை, ஆம். சிறுநீரில் மாற்றம், ஆம், ஆம்! வரிக்கு வரி பொருந்தியது. அந்த நேரம் முழுவதும் நான் உட்கார்ந்திருந்தது கொட்டகைத் தூணில் சாய்ந்து. என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் லேமினேட் செய்யப்பட்ட பத்து அறிகுறிகளும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"அக்காவுக்கு போன் போடட்டுமா?" என்றார் குமரன்.

"வேண்டாம். கல்யாண வீட்ல அவங்க நிம்மதியைக் கெடுக்க வேண்டாம்" என்றேன், பெருந்தன்மையாக. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். அண்ணியின் மாட்டை நானே கொன்றுவிட்டேன் என்பதை எந்தச் சொற்களில் சொல்வது என்று தெரியவில்லை. மல்லிகாவுக்கு மோர் கொடுத்தேன், குடிக்கவில்லை. வெல்லத் தண்ணீர் கொடுத்தேன், வாளியை உதைத்துக் கவிழ்த்தாள். விஷம் தலைக்கேறிவிட்டது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது புலரும் முன்பே கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கால்நடை மருந்தகத்துக்கு நடத்தியே கூட்டிப்போய் வாசலில் காத்திருப்பது என் திட்டம். "எட்டு மணிக்குத்தானே திறப்பாங்க?" என்று குமரன் கேட்டார். "எட்டு மணி வரைக்கும் அவ இருப்பாளா?" என்று கேட்டுவிட்டு, அவர் சட்டை மாட்டுவதற்குள் தெருவில் இறங்கினேன்.

தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பட்டுப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன், வெயில் ஏறாத வேளையில், தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, குச்சிகள் கொடுத்துப் பரப்பி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளைச் சரிபார்ப்பார்கள். அன்று, எங்கள் தெரு நெசவாளர் சண்முகம் மாமாவின் பாவு. அரக்கு நிறம். பிள்ளையார் கோயிலிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் ஒரு சிவந்த நீரோடைபோல, இடுப்பு உயரத்தில், மூச்சுவிட்டால் அலைபாய்கிற மாதிரி நின்றது. மாமாவும் அவர் வீட்டாரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்திருந்தார்கள்.

"டீச்சரம்மா, ஓரமா ஓட்டிக்கினு போம்மா" என்றார் மாமா, தலை நிமிராமல். "மாடு தும்மினாலும் நூலு போயிடும்."

சுவரோரமாகவே போனேன். பாதி வழியில் மல்லிகா நின்றுவிட்டாள். மெல்ல என் பின்னால் வந்து, தன் தாடையை என் முதுகில் வைத்து அழுத்தினாள். சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது. ஓர் உயிர் விடைபெறுகிறது என்று எனக்குத் தோன்றியது. கொன்றவளையே கட்டிக்கொண்டு விடைபெறும் அந்தப் பெருங்குணத்தின் முன் என்னால் நிற்க முடியவில்லை. "என்னை மன்னிச்சிடு மல்லிகா" என்று விம்மினேன். (மற்ற மாட்டின் முதுகில் தாடையை வைத்து அழுத்துதல்: அட்டவணையில் நான்காவது அறிகுறி. என் கையெழுத்து. சிவப்பு அடிக்கோடு.)

ஐந்தாவது அறிகுறி, மற்ற மாட்டின் மேல் தாவுதல். அதையும் அவள் முறைப்படியே செய்தாள்.

இரண்டு முன்னங்கால்கள் என் தோளுக்கு மேலே எழுந்ததைத் தெருவிளக்கின் நிழலில் பார்த்தேன். கடவுள் புண்ணியத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டேன். சாய்ந்த இடம் பாவு. குச்சிகள் சரிந்தன, இழைகள் பட் பட்டென்று அறுந்தன, கஞ்சி ஈரத்தோடு அரக்குப் பட்டு என் கையிலும் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டது. "யாரும் இழுக்காதீங்க, யாரும் இழுக்காதீங்க!" என்று சண்முகம் மாமா அலறினார். எனக்கு அடிபட்டுவிடக் கூடாதே என்ற அவருடைய கரிசனத்தை நினைத்து நெகிழ்ந்தேன். அவர் கவலைப்பட்டது பாவுக்காக என்பது பிறகு விளங்கியது.

அந்த நிலையில்தான் நான் வாக்குமூலம் கொடுத்தேன். "என்னை விடுங்க, மாட்டைப் பாருங்க! அது சாகப் போகுது. நான்தான் விஷம் வெச்சேன்!"

தெரு அப்படியே நின்றது. கஞ்சிச் சட்டியோடு நின்ற மாமி இரண்டடி பின்வாங்கினார். "விஷமா? நேத்து எங்க வீட்டுக்குக் குழம்பு குடுத்தியே" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

அதற்குள் குமரன் ஓடி வந்திருந்தார். என் தடையை மீறித் தொலைபேசியில் அண்ணியை வீடியோவில் அழைத்துவிட்டிருந்தார். சின்னத் திரையில் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பின்னால் நாகஸ்வரம். என் கோலத்தைப் பார்த்த அண்ணி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"அழுவறத நிறுத்துமா. டேய் குமரா, மாட்டக் காட்டு. மூஞ்சிய இல்லடா, பின்னால. வாலத் தூக்கு."

குமரன் வாலைத் தூக்கினார். அண்ணியின் தோளுக்கு மேல் ஒவ்வொன்றாகக் கல்யாண வீட்டு முகங்கள் முளைத்தன. யாரோ கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் என் நாத்தனாரின் கைத்தொலைபேசியில் மல்லிகாவின் பின்புறத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் எழுந்தது. மேளம் அதிர்ந்தது. அட்சதை ஏந்திய கைகள் திரையின் குறுக்கே அந்தரத்தில் தயங்கின. மணமக்களைப் பார்ப்பதா, மாட்டைப் பார்ப்பதா என்ற தர்மசங்கடம்.

"கோழை கண்ணாடியாட்டம் அறுபடாம தொங்குது பாரு" என்றார் அண்ணி. "விஷமுமில்ல, ஒண்ணுமில்ல. பருவத்துக்கு வந்துட்டா என் கண்ணு. எப்பமா ஆரம்பிச்சது?"

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு அண்ணி. ஆனா டப்பா பாதி காலி…"

"அத்த நான்தான் எடுத்தேன். இவளுக்குக் கண்ணச் சுத்திக் கறுப்பு திரும்பிச்சு பாரு, நீ சொன்னது பலிக்குதுன்னு புரிஞ்சிச்சு. அதான் அடுத்த தெரு விஜயாவோட மாட்டுக்கும் குடுத்தேன். உங்கிட்ட சொன்னா மறுபடி ஒரு பீரியடு எடுப்பியேன்னு சொல்லல. போ, இப்பவே டாக்டரம்மாவுக்குப் போன் போடு. பத்து மணிக்கு அந்த ஆளு வந்துடுவான்."

பட்டு நூலுக்குள் கிடந்தபடியே புரிந்துகொண்டேன். சாணி அள்ளிக்கொண்டே கேட்டவர், கேலி செய்துகொண்டே கேட்டவர், ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டிருக்கிறார். நான் புத்தகத்தில் பார்த்ததை அவர் மாட்டின் ரோமத்தில் நாள்தோறும் பார்த்துச் சரிபார்த்திருக்கிறார். ஆராய்ச்சி என்று நாங்கள் கல்லூரியில் சொல்வது இதைத்தான். என்ன, நாங்கள் அதை இவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

மல்லிகாவைத் திருப்பிக்கொண்டு போவது அடுத்த சிக்கல். கொம்பில் ஒரு கற்றை அரக்கு நூலோடு தெருமுனையில் நின்றவள் யார் பிடிக்கும் வரவில்லை. அண்ணி திரைக்குள்ளிருந்து, "ந்தா… மல்லிகா… வா வா வா" என்றார். அவ்வளவுதான். குமரன் தொலைபேசியைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி முன்னால் நடக்க, கல்யாண மேளம் ஒலிக்க, கொம்பில் பட்டோடு மல்லிகா ஊர்வலமாக வீடு திரும்பினாள்.

டாக்டரம்மா ஒன்பதரைக்கு வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கும்போது தரகரும் வந்துவிட்டார், தோளில் புதுக் கயிறோடு.

"நேத்து மத்தியானம் ஆரம்பிச்சதுன்னா இன்னிக்குக் காலையிலதான் போடணும்" என்றார் டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே. "நேத்தே கூப்பிட்டிருந்தாலும் காத்திருக்கத்தான் சொல்லியிருப்பேன். சரியா கணிச்சிருக்கீங்க மேடம். சார்ட்டைப் பாத்துத்தானே?"

குமரனுக்குத் திடீரென்று பலத்த இருமல் வந்தது.

தரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையில் இன்னும் நூல் இருந்திருக்க வேண்டும். "கயித்த அவுக்கறதா, வேணாமா?"

"மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகத் துணிச்சலான வாக்கியம் அது.

அண்ணி நண்பகல் பேருந்தில் வந்து இறங்கினார். கொட்டகைக்குக்கூடப் போகவில்லை. கல்யாணப் புடவையோடு நேரே சண்முகம் மாமா வீட்டுக்குள் போய், சுருட்டி வைத்திருந்த பாவின் முன் உட்கார்ந்தார். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் குற்றவாளியாக நின்றேன்.

"மாடு அறுத்ததா இது, நீ அறுத்ததா?"

"நான் விழுந்தது அண்ணி."

"அதான் பாத்தேன். மாடா இருந்தா இவ்ளோ சேதம் ஆயிருக்காது."

மூன்று நாள், பாவு முழுமையாகும்வரை, கூலி வாங்காமல் அங்கேயே உட்கார்ந்து முடித்தார். அந்தப் பாவில் நெய்த புடவைகளை எந்த வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தும் நான் விழுந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இருபத்தோராம் நாள் நாங்கள் மூவரும் கொட்டகையிலேயே இருந்தோம். சினை தங்கவில்லையென்றால் அந்தச் சமயத்தில் அவள் மீண்டும் பருவத்துக்கு வர வேண்டும். மல்லிகா குரல் எழுப்பவில்லை. நிதானமாக அசை போட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் மாதம் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "சினை நின்னுடுச்சு கஸ்தூரியக்கா" என்றபோது, அண்ணி தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தவிட்டில் அன்றைக்கான தாது உப்பைக் கலக்கத் திரும்பினார். வழக்கமாகப் பார்க்காமலே வேலை செய்யும் அந்த விரல்கள் அன்று மட்டும் கொஞ்சம் பொடியைக் கீழே சிந்தின.

மல்லிகா பெண் கன்று ஈன்றாள். அதன் பிறகு இரண்டு முறை ஈன்றுவிட்டாள். தரகர் எங்கள் தெருவுக்கு வருவதை விட்டுவிட்டார். விஜயாவின் மாடும் சினைப்பட, இன்று சுற்றியுள்ள நான்கு தெருக்களில் மாடு வைத்திருப்பவர்கள் அண்ணியிடம் வந்துதான் யோசனை கேட்கிறார்கள். அவர் மாட்டின் கண்ணோரத்தைப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் சொல்லி அனுப்புகிறார்.

எனக்கு மிஞ்சியது வேறு. இன்றும் பாவு நீட்டும் நாள்களில், முதல் குச்சியைக் கொடுப்பதற்கு முன், சண்முகம் மாமா எங்கள் வாசலில் வந்து நின்று குரல் கொடுப்பார்:

"டீச்சரம்மா, பாவு நீட்டப் போறோம். உங்க வீட்ல யாராச்சும் சாகறாப்பல இருக்காங்களா?"

நான் கதவைத் திறப்பதற்குள் கொட்டகையிலிருந்து அண்ணியின் பதில் வந்துவிடும்:

"மாடெல்லாம் நல்லா இருக்குது மாமா. டீச்சரத்தான் கட்டிப் போட்டிருக்கேன். நீங்க தைரியமா நீட்டுங்க."